ஈரோட்டுக் கடையில் வாங்கிய அமுக்கராக் கிழங்கு: ஒரு மதிப்புரை

அமுக்கராவைப் பொடியாக வாங்காமல் கிழங்காகவே வாங்க வேண்டும் என்பதும், ஈரோட்டில் அதைத் தரம் பிரித்து வைத்து, வாங்குபவர் கையில் எடுத்து ஒடித்துப் பார்க்கும்படி விற்கும் கடை ஒன்று இருக்கிறது என்பதும் இந்த மதிப்புரையின் சாரம். மணிக்கூண்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் அந்தப் பழைய நாட்டு மருந்துக் கடையின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே பாராட்ட வேண்டியவை பல இருந்தாலும் கண்டிக்க வேண்டியவையும் சில இருக்கின்றன. வாசகர் கோவையிலோ கரூரிலோ நாமக்கல்லிலோ தமக்குப் பக்கத்தில் உள்ள கடைக்குப் போகும்போது எதைப் பார்த்து, எதைக் கேட்டு வாங்குவது என்று தெரிந்துகொள்வது, ஒரு கடையின் பெயரைத் தெரிந்துகொள்வதைவிடப் பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

அசுவகந்தா என்ற பெயரில் இந்தக் கிழங்குக்கு அண்மைக் காலத்தில் பெரிய மவுசு வந்திருக்கிறது. ஆங்கில மருந்துக் கடையில் மாத்திரையாகவும், உடற்பயிற்சிக் கூடத்தில் புட்டியில் அடைத்த பொடியாகவும், இணையக் கடையில் தேநீராகவும் மிட்டாயாகவும் அது விற்கிறது. இவற்றில் எதிலுமே வாங்குபவர் கண்ணுக்குக் கிழங்கு தென்படுவதில்லை. பொடியாகிவிட்ட பிறகு அது முற்றிய நல்ல வேரா, நார் மிகுந்த பக்க வேரா, தண்டோடும் இலையோடும் சேர்த்து அரைத்ததா என்று சாதாரணக் கண்ணால் சொல்ல முடியாது. முழுக் கிழங்கு அப்படி எதையும் மறைப்பதில்லை. அதன் நீளம், பருமன், உள்நிறம், ஒடியும் விதம், பூச்சித் துளை எல்லாமே வெளியே தெரிகின்றன. இந்தக் கடையை நான் மதிப்பதற்கு முதற்காரணம், அந்தச் சோதனையை வாங்குபவர் கையில் விட்டிருப்பதுதான்.

செடியைப் பற்றிச் சிறிது சொல்லாமல் சரக்கின் தரத்தைப் பேச இயலாது. அமுக்கரா, தாவர நூலார் விதானியா சோம்னிஃபெரா என்று குறிப்பிடும், கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த குறுஞ்செடி. இலையிலும் தண்டிலும் சாம்பல் பூத்தாற்போல் நுண்மயிர் படர்ந்திருக்கும். இதன் உறவுச் செடியான சொடக்குத் தக்காளிக்கு உள்ளதுபோல, காகிதம் போன்ற உறைக்குள் செந்நிறச் சிறு பழம் இருக்கும். நம் கொங்கு நாட்டின் வறண்ட மேட்டு நிலங்களில், கிளுவை வேலியோரத்திலும் தரிசுகளிலும் இது தானாகவே முளைத்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, வேலியில் கிடைப்பதைக் கடையில் ஏன் வாங்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் தானாக வளரும் செடியின் வேர் பெரும்பாலும் கட்டைத்தன்மையோடு, நார் மிகுந்து, கிளைத்துப் போயிருக்கும். மருந்துக்கு விரும்பப்படும் வேர் மாவுச்சத்து மிகுந்து, நார் குறைந்து, நேராக இறங்கி, எளிதில் ஒடிய வேண்டும். அப்படிப்பட்ட வேருக்காகவே தேர்ந்தெடுத்த வகைகளைப் பயிரிடுகிறார்கள். பயிரிட்டு வரும் சரக்கைக் கடைக்காரர்கள் சீமை அமுக்கரா என்றும், இங்கே தோண்டி எடுத்ததை நாட்டு அமுக்கரா என்றும் பிரித்துச் சொல்வதன் பின்னணி இதுதான்.

பயிர்ச் சரக்கின் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சவுர் மாவட்டங்களிலிருந்து வருகிறது. ஆகஸ்டு வாக்கில் மழையை நம்பி விதைத்து, ஐந்து ஆறு மாதம் கழித்து, இலை காய்ந்து பழம் சிவந்ததும் சனவரி முதல் மார்ச்சு வரை வேரோடு தோண்டுவார்கள். தண்டை வெட்டி நீக்கி, வேரைத் துண்டு போட்டுக் காயவைத்து, தடியால் தட்டி மண்ணையும் சல்லி வேர்களையும் உதிர்த்து, தரம் பிரித்து நீமச் சந்தைக்கு அனுப்புவார்கள். மந்த்சவுர் வேளாண் ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த ஜவகர் அஸ்கந்த் 20 அந்தப் பகுதியில் பேர்பெற்ற வகை. ஈரோட்டுக் கடையின் சரக்கும் அங்கிருந்தே வருகிறது என்று உரிமையாளர் மறைக்காமல் சொல்கிறார். கொல்லிமலைக் கிழங்கு, பர்கூர் மலைக் கிழங்கு என்று மலையின் பெயரைச் சொல்லி விலை ஏற்றுபவர்களை வேறிடங்களில் பார்த்திருப்பதால், இந்த நேர்மையை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

கடையில் அமுக்கரா மூன்று சாக்குகளில் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கிறது. சந்தை வழக்கில் முதல் தரம் என்பது ஏழு சென்டிமீட்டர் வரை நீளமும், ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் பருமனும் கொண்டு, உள்ளே கெட்டியாகவும் தூய வெண்மையாகவும் இருக்கும் துண்டு. இரண்டாம் தரம் ஐந்து சென்டிமீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் பருமனும் உள்ளது. மூன்றாம் தரம் மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள், விரலைவிட மிக மெலிந்து இருக்கும். அதற்கும் கீழே, உள்ளீடற்று மஞ்சளித்துப்போன பொடித்துண்டுகள் இருக்கின்றன. பொடியாக விற்கும் இடங்களில் இந்தக் கடைசிச் சரக்கு கலப்பதற்கான வாய்ப்பு மிகுதி. ஈரோட்டுக் கடையின் முதற் சாக்கில் இருந்தவை உண்மையாகவே முதல் தரம்தான். இரண்டாம் சாக்கில் மூன்றாம் தரத் துண்டுகளும் கலந்திருந்தன. மூன்றாம் சாக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை முதற் சாக்குக்கும் மூன்றாம் சாக்குக்கும் ஏறக்குறைய இரு மடங்கு வேறுபடுகிறது. ஒரு வீட்டுக்குத் தேவைப்படும் அளவோ மிகக் குறைவு என்பதால், இதில் சிக்கனம் பார்ப்பது பொருளற்றது.

ஒடித்துப் பார்ப்பது எப்படி என்று ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மஞ்சள் மண்டியில் விரலியை ஒடித்து, அது ஒடியும் ஓசையையும் உள்நிறத்தையும் வைத்து விலை பேசிப் பழகிய ஊர் இது. அமுக்கராவிலும் அதே கைதான் வேலை செய்கிறது. நன்கு காய்ந்த நல்ல கிழங்கு வளையாமல் சட்டென்று ஒடிய வேண்டும். ஒடிந்த முகம் மாவு போல வெண்மையாக இருக்க வேண்டும். வளைந்து, நார் இழுத்துக்கொண்டு பிரிந்தால் அது முற்றிப்போன கட்டை வேர் அல்லது சரியாகக் காயாதது. வெளித்தோல் மங்கிய மஞ்சள் கலந்த சாம்பல் நிறமாக, நீளவாக்கில் சுருக்கங்களோடு இருப்பது இயல்பு. கறுத்த திட்டுகள் இருந்தால் பூஞ்சை என்று ஐயப்பட வேண்டும். நான் முதல் துண்டை எடுத்துத் தயங்கியபோது, "ஒடிச்சுப் பாருங்க அம்மிணி, ஒடிச்ச துண்டுக்குக் காசு வேண்டாமுங்க" என்று உரிமையாளர் தாமாகவே சொன்னார். இப்படிச் சொல்லும் கடைக்காரர் அரிது.

பச்சைக் கிழங்கில் குதிரையின் வாடை வீசும். காய்ந்த சரக்கில் அது மங்கிவிடும், என்றாலும் அரைக்கும்போது மறுபடி எழும். வாயில் ஒரு சிறு துண்டை வைத்து மென்றால் முதலில் மாவுச் சுவையும் லேசான வழுவழுப்பும், பிறகு கசப்பும் தெரியும். எந்த வாடையும் இல்லாமல், கசப்பும் இல்லாமல், வெறும் மாவாகக் கரைந்தால் சரக்கு மிகப் பழையது என்று பொருள். மாவுச்சத்து மிகுந்த கிழங்கு என்பதால் வண்டு எளிதில் விழும். குண்டூசி முனை அளவு துளைகளும், துளைக்கருகில் நுண்ணிய தூளும் தெரிந்தால் அந்தச் சாக்கை விட்டுவிட வேண்டும். இந்தக் கடையின் முதற் சாக்கில் துளையுள்ள துண்டு ஒன்றையும் நான் காணவில்லை. மூன்றாம் சாக்கில் கண்டேன். எடுத்துக் காட்டியதும் அவர் மறுக்காமல் அந்தச் சாக்கைப் பின்கட்டுக்கு அனுப்பினார்.

அரவைக்கு வருகிறேன். கடையின் பின்புறம் மருந்துச் சரக்குக்கென்றே சிறு அரவை இயந்திரம் ஒன்று இருக்கிறது. வாங்கிய கிழங்கை நம் கண்முன்னே இடித்து, அரைத்து, சல்லடையில் சலித்துத் தருகிறார்கள். மிளகாய், மல்லி அரைக்கும் மாவு மில்லில் மருந்தைக் கொடுத்து அரைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரு குறை உண்டு. அதே இயந்திரத்தில் சீயக்காயும் அரைக்கிறார்கள். சீயக்காய்த் தூள் மூக்கில் ஏறினாலே தும்மல் வரும். மருந்தில் அது துளியும் கலக்கக் கூடாது. இயந்திரத்தைத் துடைத்துவிட்டு, முதலில் போடும் ஒரு பிடிக் கிழங்கை அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் நம் சரக்கை அரைக்கிறார்கள் என்றாலும், சீயக்காய்க்கு வேறு இயந்திரம் வைப்பதே முறை. அதுவரை, காலையில் கடை திறந்ததும் முதல் அரவையாகக் கொடுத்து வாங்குவது நல்லது. அங்கே சலித்துத் தரும் பொடி சூரணத்துக்குப் போதிய நுண்மை உடையதும் அன்று. சித்த மருத்துவத்தில் வஸ்திரகாயம் செய்வது என்று சொல்வார்கள்; மெல்லிய துணியில் சலித்து விழும் பொடியே சூரணத்துக்கு உரியது. அதை வீட்டில்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

பெரும்பாலோர் அமுக்கராவைத் தனியாக உண்பதற்கு வாங்குவதில்லை. அமுக்கராச் சூரணத்துக்காகவே வாங்குகிறார்கள். இந்தச் சூரணத்தின் கூட்டு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொரு சரக்கும் முந்தையதன் இரட்டிப்பு. எழுத்தறிவு இல்லாதவரும் மறக்க முடியாத கணக்கு இது. ஒரு கிராம் கிராம்பில் தொடங்கினால் மொத்தம் 255 கிராம், ஏறக்குறையக் கால் கிலோ வரும். ஒரு வீட்டுக்கு ஒரு தடவைக்கு இது போதுமான அளவு.

இந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் அமுக்கராச் சூரணம் சாப்பிடுகிறேன் என்று சொல்பவர்களுள் பலருக்கு அதில் என்ன இருக்கிறது என்பது தெரிவதில்லை. மொத்தம் 255 பங்கில் அமுக்கரா 64 பங்குதான், அதாவது கால்வாசி. பாதி சர்க்கரை. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்து 56 பங்கு, ஐந்தில் ஒன்றுக்கும் சற்று மேல். மருத்துவர் இரண்டு கிராம் சூரணம் சாப்பிடச் சொன்னால் உடலுக்குள் போவது அரை கிராம் கிழங்கும் ஒரு கிராம் சர்க்கரையும், கூடவே கணிசமான காரச் சரக்கும். நீரிழிவு உள்ளவர் இதை மருத்துவரிடம் கேளாமல் தொடங்கக் கூடாது என்பதும், வயிற்றுப்புண் உள்ளவருக்கு இது எரிச்சல் தரக்கூடும் என்பதும் கூட்டைப் பார்த்தாலே விளங்கும். தனிக் கிழங்குப் பொடியை ஒரு தேக்கரண்டி எடுத்துக்கொள்வதும், சூரணத்தை ஒரு தேக்கரண்டி எடுத்துக்கொள்வதும் ஒன்றாகா என்பதும் இதே கணக்கிலிருந்து தெரிகிறது. கரண்டி அளவை நம்பாமல், சிறு தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதே சரி.

கடையில் கேட்டால் சர்க்கரை நீங்கலாக ஏழு சரக்கையும் நிறுத்துத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தருகிறார்கள். எடை சரியாகவே இருக்கிறது. வீட்டுத் தராசில் சோதித்தேன். மிளகு கொல்லிமலைச் சரக்கு, காரமும் மணமும் குறைவில்லை. சுக்கு நன்றாகக் காய்ந்தது. சுண்ணாம்பு பூசி வெளுப்பாக்கியதைத் தராமல், தோல் சீவாத பழுப்பு நிறச் சுக்கைத் தந்தார்கள். திப்பிலி கதிர் முழுதாக, உடைந்து தூளாகாமல் இருந்தது. ஏலம் மட்டும் வெளிறிப் போயிருந்தது. அதைப் பலசரக்குக் கடையில் பச்சை நிறத்தில் நல்ல மணமுள்ளதாக வாங்கிக்கொள்ளலாம்.

சிறுநாகப்பூ விஷயத்தில் கடையோடு எனக்குத் தீர்க்கப்படாத வழக்கு இருக்கிறது. சிறுநாகப்பூ என்பது நாகமரத்தின் பூ. நூல்கள் மெசுவா ஃபெர்ரியா என்று குறிக்கும் மரம் அது. பூவின் நடுவே கேசரங்கள் எனப்படும் பொன்னிற மகரந்த இழைகள் அடர்ந்திருக்கும். தென்னிந்தியச் சந்தைகளில் இதற்குப் பதிலாகக் காட்டு இலவங்க மர வகை ஒன்றின் பிஞ்சுக் காய்கள் அதே பெயரில் நெடுங்காலமாக விற்கப்படுகின்றன. காம்போடு கூடி, கிராம்பை ஒத்த சிறு மொட்டுப் போன்ற உருவத்தில் அவை இருக்கும். இந்தக் கடையில் கிடைப்பதும் அதுவே. இது இந்தக் கடைக்காரர் செய்த ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். மொத்த வணிகரிடமிருந்து அந்தப் பெயரில்தான் அவருக்கும் வருகிறது. ஆயினும் கிழங்கைத் தரம் பிரிக்கத் தெரிந்தவர், பூவையும் காயையும் பிரித்தறியாமல் விற்பது ஏற்கத்தக்கதன்று. கேசரம் தெரியும் பூவைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால், அந்தச் சரக்குக்கு என்ன செய்வது என்பதை உங்கள் சித்த மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சர்க்கரையை இந்தக் கடையில் வாங்க வேண்டியதில்லை. வெள்ளைச் சர்க்கரை சேர்ப்பவர்களும் உண்டு, கற்கண்டு சேர்ப்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை சேர்க்கிறோம். பழனி மலைக்கோயிலின் பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலிருந்து சர்க்கரை போகிறது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரிந்த செய்தி. ஆனால் நாட்டுச் சர்க்கரையில் ஈரம் உண்டு. சூரணத்தோடு மொத்தமாகக் கலந்து வைத்தால் கட்டிபிடித்துக் கெட்டுவிடும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது கலந்துகொள்ள வேண்டும்.

கடை செய்யாத, ஆனால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சித்த மருத்துவ முறையில் அமுக்கராவைச் சுத்தி செய்யாமல் சூரணத்தில் சேர்ப்பதில்லை. அதற்குப் பிட்டவியல் என்று பெயர். வாய் அகன்ற பானையில் பாலும் நீரும் சேர்த்து ஊற்றி, வாய்க்கு மெல்லிய துணியை வேடுகட்டி, துணியின் மேல் அமுக்கராப் பொடியைப் பரப்பி, மேலே இன்னொரு சட்டியால் மூடி, பால் ஆவியில் புட்டு அவிப்பது போல அவித்தெடுக்க வேண்டும். பிறகு வெயிலில் நன்றாக உலர்த்தி, மீண்டும் இடித்து, துணியில் சலிக்க வேண்டும். பசும்பாலே இதற்கு உகந்தது என்பார்கள். அவித்த பொடியின் வாடை தணிந்திருக்கும், கசப்பும் சற்று மட்டுப்பட்டிருக்கும். உலர்த்துவதில் அவசரம் காட்டினால் இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும்; ஈரோட்டுச் சித்திரை வெயில் இதற்கு மிகவும் உதவியானது. கடையில் கிழங்கை அரைத்துத் தரும்போது இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. கேட்டால் விளக்குகிறார்கள், கேட்காதவர் அப்படியே கொண்டுபோய்ப் பாலில் கலக்கிக் குடிக்கிறார். ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துப் பொட்டலத்தோடு வைத்துத் தருவது அவர்களுக்குப் பெரிய செலவாகாது.

கடையின் பெயரிட்ட ஆயத்தச் சூரணப் பொட்டலங்களும் மேசையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. சித்த மருந்தாகச் செய்து விற்பதற்கு உற்பத்தி உரிமம் வேண்டும். பொட்டலத்தின் மேல் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். இந்தப் பொட்டலங்களில் பெயரும் விலையும் மட்டுமே இருந்தன. வீட்டில் இடித்துச் சலிக்க இயலாதவர்கள், தமிழ்நாடு அரசின் டாம்ப்கால் நிறுவனம் செய்யும் அமுக்கராச் சூரணத்தையோ, இம்காப்ஸ் போன்ற நெடுநாளைய கூட்டுறவு நிறுவனத்தின் தயாரிப்பையோ நாடலாம். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் மருத்துவர் பார்த்து எழுதினால் அங்கேயே மருந்து தருகிறார்கள்.

என் மாமியாருக்குச் சித்தப் பிரிவு மருத்துவர் எழுதித் தந்ததிலிருந்துதான் இந்தக் கிழங்கோடு எங்கள் வீட்டின் பழக்கம் தொடங்கியது. தூக்கமின்மையும் முழங்கால் வலியும் சொல்லிப் போனார். இரவில் வெதுவெதுப்பான பாலோடு அளவாகக் கொடுத்துவந்ததில், சில வாரங்களில் தூக்கம் சீரானதை அத்தையே சொன்னார். முழங்கால் வலியில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஒரு வீட்டின் அனுபவம் மருந்தின் ஆற்றலுக்குச் சான்றாகாது என்பதால் இதற்குமேல் எதையும் நான் இதிலிருந்து சொல்ல மாட்டேன். மனஅழுத்தம் தொடர்பாக முறையான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2012இல் ஐதராபாத்தில் 64 பேரிடம் நடத்தி வெளியான ஆய்வு பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. வேர்ச்சத்து 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரு வேளையாக 60 நாள் உண்டவர்களுக்கு, வெற்று மருந்து உண்டவர்களைவிட மனஅழுத்த அளவுகளும், அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் கார்ட்டிசாலின் அளவும் குறைந்தன என்று அது தெரிவித்தது. அதில் கொடுத்தது செறிவூட்டிய சத்து; நாம் கடையில் வாங்கி இடிப்பது முழுக் கிழங்கு. ஒன்றின் முடிவை மற்றொன்றின் மேல் அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது.

அந்தக் கடையின் சுவரில் தொங்கும் விளம்பரத் தாள் இந்த எல்லையை மதிப்பதில்லை. அமுக்கராவை உண்டால் சர்க்கரை நோய் அடியோடு அகலும், உயரம் கூடும், ஆண்மைக் குறை தீரும் என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள். நீரிழிவைக் குணப்படுத்துவதாகவும் உடல் உயரத்தைக் கூட்டுவதாகவும் மருந்தை விளம்பரம் செய்வதை, 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் அந்தத் தாளை நம்பி ஊசியை நிறுத்தினால் நேரக்கூடிய கேடு எத்தகையது! சரக்கில் இவ்வளவு நேர்மையாக இருப்பவர் சுவரில் இப்படி ஒரு தாளை வைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உரிமையாளரிடமே சொன்னேன். மொத்த வணிகர் கொடுத்துவிட்டுப் போனது என்றார். தாள் இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

இந்தக் கிழங்குக்குத் தீங்கே இல்லை என்று எண்ணுபவர்களும் உண்டு, அது சரியன்று. 2020இல் ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அசுவகந்தா தயாரிப்புகளை உண்ட ஐவருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சள் காமாலை வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். எவருக்கும் கல்லீரல் செயலிழக்கவில்லை என்றாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான். டென்மார்க் 2023இல் இதன் விற்பனையைத் தடை செய்தது. நம் நாட்டில் ஆயுஷ் அமைச்சகம் 2021இல், மருந்து செய்பவர்கள் அமுக்கரா இலையைத் தயாரிப்புகளில் சேர்க்கக் கூடாது, வேரையே பயன்படுத்த வேண்டும் என்று அறிவுறுத்தியது. வேரைவிட இலை மலிவு; மிகுந்தால் தீங்காகக்கூடிய வித்தாஃபெரின் ஏ என்னும் வேதிப்பொருளோ இலையில் மிகுதி. புட்டியில் வாங்குபவர்கள் உறையின் மேல் வேர் மட்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவுற்ற பெண்கள் இதை உண்ணக் கூடாது. தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை, சர்க்கரை நோய் மாத்திரை, உறுப்பு மாற்றுக்குப் பின் தரும் எதிர்ப்பாற்றல் தணிக்கும் மருந்து ஆகியவற்றை உண்பவர்களும், கல்லீரல் நோயாளிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இங்கே அந்தக் கடைக்காரரைப் பாராட்டியே ஆக வேண்டும்: வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அவர் வாங்குபவரிடம் கேட்கிறார், ஆம் என்று சொன்ன ஒருவரிடம், வைத்தியரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி விற்காமல் அனுப்பியதை நேரில் பார்த்தேன். சுவரில் இருக்கும் தாளைவிட அவருடைய வாய்ச்சொல் நம்பகமானது.

மற்ற விவரங்கள் சுருக்கமாக. கேட்டால் மட்டுமே பில் தருகிறார்கள். அதில் சரக்கின் தரம் எழுதப்படுவதில்லை, எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள். பொடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவதால் நாமே மூடியுள்ள கண்ணாடிப் புட்டி கொண்டுபோவது நல்லது. மாலையில் கூட்டம் நெருக்கும். ஒடித்துப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் காலைப் பொழுதே ஏற்றது. வெளியூருக்குப் பார்சலிலும் அனுப்புகிறார்கள், ஆனால் பார்த்து வாங்குவதற்காகவே இந்தக் கடையைப் பரிந்துரைக்கிறேன் என்பதால் அந்த வசதியைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை.

புதுச் சரக்கு வடக்கே அறுவடை முடிந்து, பங்குனி, சித்திரை வாக்கில் இங்கே வந்து சேர்கிறது. வாங்குவதற்கு அதுவே நல்ல காலம். பிட்டவியல் செய்து உலர்த்துவதற்கும் அப்போதுதான் வெயில் துணை நிற்கும். கிழங்கை முழுதாக வைத்திருந்து, இரண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாங்க நேர்ந்தால், ஒடித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒரு துண்டை நீளவாக்கில் பிளந்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். அதற்கான கத்தியையும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்.